மசக்கையும் மண் தின்னும் ஆசையும்

கேள்வி: என் மகள் ஆறு மாதக் கர்ப்பிணி. பழைய மண்சட்டியின் ஓட்டை நொறுக்கி அவள் மறைவாக மெல்வதை நேற்றுப் பார்த்துவிட்டேன். "மசக்கையில் நாங்களும் அடுப்பு மண்ணைத் தின்றவர்கள்தாம், ஒன்றும் ஆகாது" என்கிறார் என் மாமியார். அப்படியே விட்டுவிடலாமா?
- ஒரு வாசகி, மன்னார்குடி

பதில்: வழக்கத்தைப் பற்றி உங்கள் மாமியார் சொல்வது உண்மை; ஒன்றும் ஆகாது என்பதைத்தான் ஏற்க முடியாது. புறநானூற்றின் 20ஆம் பாடலில் குறுங்கோழியூர் கிழார், சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறையின் நிலத்தை, மசக்கையுற்ற மகளிர் ஆசைப்பட்டு உண்பதல்லாமல் பகைவரால் உண்ண முடியாத மண் என்று புகழ்கிறார். அரசனின் வீரத்தைப் பாட வந்த புலவர் எடுத்தாளும் அளவுக்கு அந்த ஆசை அன்றே ஊரறிந்ததாக இருந்திருக்கிறது. கானா நாட்டுச் சந்தைகளில் வெள்ளைக் களிமண் உருண்டைகளைக் கர்ப்பிணிகள் இன்றும் வாங்கித் தின்கிறார்கள். எனவே மகளைத் தயவுசெய்து கடிந்துகொள்ளாதீர்கள். வெட்கத்தால் அவள் மருத்துவரிடமும் மறைத்துவிடுவாள்.

இந்த ஆசை உள்ளவர்களில் பலருக்கு இரும்புச்சத்துக் குறைபாடு காணப்படுகிறது. உடல் கேட்கும் இரும்பை மண் தருகிறது என்று நினைப்பது தவறு. மண்ணிலுள்ள இரும்பில் பெரும்பகுதியைக் குடலால் உறிஞ்ச முடியாது. அதோடு, களிமண் உணவிலுள்ள இரும்பையும் துத்தநாகத்தையும் பற்றிக்கொண்டு மலத்தோடு வெளியேறிவிடுவதால், தின்னத் தின்னச் சோகை கூடும். பச்சை மண்ணில் உருண்டைப்புழுவின் முட்டைகள் இருக்கலாம். சுட்ட ஓட்டில் அவை அழிந்திருக்கும் என்றாலும், மண்ணில் காரீயம் கலந்திருந்தால் அது சூளைச் சூட்டில் போகாது; நஞ்சுக்கொடி வழியாகச் சிசுவைச் சென்றடைந்து மூளை வளர்ச்சியைப் பாதிக்கக்கூடியது அது.

உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துச் சென்று, மண் தின்பதைச் செவிலியரிடம் வெளிப்படையாகச் சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு 100 மில்லி ரத்தத்தில் ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் அது சோகை; உடலில் உள்ள இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனையும் செய்ய முடிந்தால் நல்லது. அங்கே தரும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குமட்டுகிறது என்று பலர் அதை அலமாரியிலேயே வைத்துவிடுகிறார்கள். இரவு உணவுக்குப் பின் எடுத்தால் குமட்டல் குறையும். தேநீர், காபி, கால்சியம் மாத்திரை ஆகியவற்றை அதோடு சேர்க்காமல் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்; நெல்லிக்காயோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துக்கொள்ளலாம். இரும்பு உடலில் சேரத் தொடங்கினால், பலருக்குச் சில வாரங்களிலேயே இந்த ஆசை தானாக அடங்கிவிடுகிறது. அதற்குள் கடும் வயிற்றுவலியோ மலம் கழியாத நிலையோ ஏற்பட்டால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.