எட்டாம் நாள்

வணக்கம் அம்மா,

திருச்சியில் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறேன். ஐந்து மாதங்களுக்கு முன் எங்கள் தெருமுனையில் ஒரு நாட்டு நாய்க்குட்டியின் மேல் வேன் ஏறிவிட்டது. உயிர் பிழைத்தது. ஆனால் முதுகெலும்பில் அடிபட்டுப் பின்னங்கால்கள் இரண்டும் செயலற்றுப் போய்விட்டன. மருத்துவம் பார்த்த அமைப்பினர், தத்தெடுக்க யாராவது கிடைக்கும்வரை இரண்டு வாரம் வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள். இரண்டு வாரம் ஐந்து மாதமாகிவிட்டது. முத்து என்று பெயர் வைத்திருக்கிறோம்.

இப்போது பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம் அவனைக் கேட்கிறது. ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் சரியாகச் சாப்பிடுவதில்லை. "ஏற்கெனவே தெருவில் கிடந்தவன், இப்போது நாமும் விட்டுவிடுகிறோம்" என்று அழுகிறாள். என் மாமியாரோ, "அது படும் பாட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை, ஊசி போட்டு அனுப்பிவிடுவதுதான் புண்ணியம்" என்கிறார். உறவினர்கள், மனிதருக்கே வழியில்லாதபோது நாய்க்கு இவ்வளவா என்று கேட்கிறார்கள்.

நான் கொடுப்பது துரோகமா? இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் குடும்பத்திடம் எவ்வளவு சொல்லலாம்? எல்லாவற்றையும் சொன்னால் பயந்து பின்வாங்கிவிடுவார்களோ என்றிருக்கிறது.

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதில் எனக்கு ஒரு பழைய கடன் இருக்கிறது.

தாம்பரத்துக்குத் தெற்கே, மாடியில்லாத ஒரு பழைய வீடு எங்களுடையது. இந்த வேலைக்கு எனக்கிருந்த ஒரே தகுதி அதுதான். படியேற முடியாத பிராணிகளையெல்லாம் என்னிடம் அனுப்பத் தொடங்கினார்கள். 12 ஆண்டுகளில் நாயும் பூனையுமாக 37 வந்து போயிருக்கின்றன. நான்காவதாக வந்தவள் செவலை, உங்கள் முத்துவைப் போலவே பின்பக்கம் செயலற்றவள்.

முதுகெலும்பு அடிபட்ட நாய்க்கு நடக்க முடியாதது பெரிய பிரச்சினையே அல்ல என்பது உங்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். முன்னங்கால்களால் இழுத்துக்கொண்டே வீடெல்லாம் சுற்றும், செருப்பைத் திருடும். பிரச்சினை மூத்திரப்பை. அது நிரம்பியதும் நாய்க்குத் தெரியாது, தானாகக் காலி செய்யவும் முடியாது. நாளுக்கு மூன்று நான்கு முறை நாம்தான் அடிவயிற்றில் கை வைத்துத் தேட வேண்டும். எலுமிச்சை அளவிலோ, நேரம் தப்பிவிட்டால் சாத்துக்குடி அளவிலோ தட்டுப்படும். அதை வால் பக்கமாக மெல்ல அமுக்கி வெளியேற்ற வேண்டும்.

செவலை வந்த முதல் வாரம் அவள் போன இடமெல்லாம் சொட்டுச் சொட்டாக ஈரம். கசிகிறதே, அப்படியானால் காலியாகத்தான் இருக்கும் என்று நான் அமுக்காமல் விட்டுவிட்டேன். நிரம்பியதால் வழிகிறது என்று தோன்றவில்லை. வாழ்நாளெல்லாம் குடத்தில் தண்ணீர் பிடித்தவளுக்குத் தோன்றவில்லை! ஐந்தாம் நாள் காய்ச்சல், கலங்கிய மூத்திரம், அறைக்குள் நிற்க முடியாத வாடை. தேங்கிய மூத்திரத்தில் கிருமி பெருகி, சிறுநீரகத்துக்கு ஏறினால் உயிருக்கே ஆபத்து என்று மருத்துவர் திட்டிய பிறகுதான் புத்தி வந்தது.

மூன்று மாதம் கழித்துப் புறநகரில் ஒரு குடும்பம் அவளைக் கேட்டது. நல்ல மனிதர்கள். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் செய்யலாம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். பொய் சொல்லவில்லை, ஆனால் அடக்கி வாசித்தேன். "அவ்வப்போது துணி மாற்ற வேண்டியிருக்கும்" என்றேன். ஒரே ஒருமுறை அமுக்கிக் காட்டினேன். கசிவைப் பற்றி வாய் திறக்கவில்லை. உங்களுக்கு இருக்கும் அதே பயம்தான். ஒன்பதாம் நாள் போன் வந்தது: வயிறு உப்பியிருக்கிறது, எதையும் தொட மாட்டேன் என்கிறாள். நான் செய்த அதே தவறை, நான் சொல்லாததால், அவர்களும் செய்திருந்தார்கள். என்மேல் கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. தங்களால்தான் ஆயிற்று என்று அழுதுகொண்டே திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். அதன்பின் அவர்கள் எந்தப் பிராணியையும் வளர்க்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

செவலை பிழைத்தாள். அஞ்சல் துறையில் ஓய்வு பெற்ற ஒருவர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து கேட்டபோது, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். வழியும் கதை, வாடை, புண், இரவில் ஒருமுறை எழுந்திருக்க வேண்டியது, எல்லாம். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் வந்து என் முன்னால் தன் கையாலேயே அமுக்கிப் பழகிய பிறகுதான் கொடுப்பேன் என்றேன். இரண்டாம் ஞாயிறும் அவர் வந்தார் என்பதே எனக்கு ஆச்சரியம். மூன்றாம் ஞாயிறு மூத்திரம் சீராகப் பீய்ச்சியபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, முதல் மணியார்டரைப் பட்டுவாடா செய்த நாளில்கூட அப்படி இருந்திருக்காது.

ஆகவே சொல்லுங்கள். பயந்து ஓடுகிறவர்கள் ஓடட்டும். பத்து நாள் கழித்து ஓடுவதைவிட முன்னாலேயே ஓடுவது நாய்க்கு நல்லது. சொல்வதை வாயால் சொல்லாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். எத்தனை மணிக்கு அமுக்குகிறீர்கள், எந்தப் பக்கமாகப் படுக்கவைத்தால் எளிதாக இருக்கிறது, நல்ல நாளில் மூத்திரம் என்ன நிறம், மலம் எப்போது, என்ன கொடுத்தால் இளகிவிடுகிறது. இடுப்பெலும்பு உறுத்தும் இடத்தில் புண் வந்ததா, எப்படி ஆறியது. பழைய புடவையை எத்தனை மடிப்பாகப் போடுகிறீர்கள். சிமெண்டுத் தரையில் இழுத்தால் கால்விரல்கள் தேய்ந்து ரத்தம் வருகிறதா, வழுவழுப்பான டைல்ஸில் பரவாயில்லையா. சக்கர வண்டி வைத்திருந்தால், அதில் எத்தனை நிமிடம் நிற்கிறான். வண்டியில் கட்டிய நாய் நினைத்தபோது படுக்க முடியாது. அதைப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போகக் கூடாது என்பதையும் எழுதுங்கள். வேன் சத்தம் கேட்டால் நடுங்குகிறானா? அதுவும். தடுப்பூசி தேதிகள், கருத்தடை ஆயிற்றா இல்லையா என்பதெல்லாம் அமைப்பினர் தரும் அட்டையில் இருக்கும். மற்றதெல்லாம் உங்கள் வீட்டுக்கு மட்டுமே தெரியும்.

இன்னொரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். தத்தெடுக்க வருகிறவர்களில் பலர் மனதுக்குள் ஓர் ஆசையோடு வருவார்கள்: நம் வீட்டுக்கு வந்தால் எழுந்து நடந்துவிடுவான். பின்னங்கால் விரலை அழுத்திக் கிள்ளினால் கால் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளும். அதைப் பார்த்து உணர்ச்சி வந்துவிட்டது என்று துள்ளுவார்கள். மூளையைக் கேட்காமல் முதுகுத்தண்டு தானே செய்கிற காரியம் அது. மருத்துவர் பார்ப்பது காலை அல்ல, தலையை. கிள்ளும்போது திரும்பிப் பார்க்கிறதா, முனகுகிறதா, கடிக்க வருகிறதா? ஐந்து மாதம் ஆகியும் முத்து திரும்பிப் பார்க்கவில்லை என்றால், நடப்பான் என்று யாருக்கும் ஆசை காட்டாதீர்கள். நடக்காத முத்துவை வேண்டுமென்கிறவர்களே அவனுக்கு வேண்டும்.

உங்கள் மாமியார் விஷயத்துக்கு வருகிறேன். கருணைக்கொலை என்ற பேச்சை எடுத்தாலே அரக்கர்கள் என்று பாயும் கூட்டத்தில் நான் இல்லை. ஒரு நாய்க்கு நானே சம்மதித்திருக்கிறேன். நாய்களைத் தாக்கும் டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோய் மூளைக்கு ஏறி, அடுத்தடுத்து வலிப்பு, மருந்துக்கு அடங்கவில்லை, மருத்துவர் கையை விரித்தார். மடியில் வைத்துக்கொண்டேன். ஆனால் அதே நோயிலிருந்து மீண்டு, ஒரு கால் மட்டும் கடிகார முள் போல இடைவிடாமல் துடித்துக்கொண்டிருக்கும் நாய்களும் உண்டு. உறக்கத்தில்கூடத் துடிக்கும். பார்க்கிற நமக்குத்தான் நெஞ்சு பதறும். அது பாட்டுக்குத் தின்று, குரைத்து, சண்டை போட்டு வாழும்.

பூனைகளில் இது இன்னும் தெளிவு. தாய்ப்பூனை சினையாக இருக்கும்போது பூனைகளுக்கு வரும் ஒரு வகை பார்வோ வைரஸ் தாக்கினால், குட்டிகளின் சிறுமூளை வளராமல் போய்விடும். பொம்மி அப்படி வந்தவள். நாலு கால்களும் நாலு திசையில் போகும். சாதாரணமாக இருக்கும்போது தலை லேசாக ஆடும், மீனைப் பார்த்துக் குனிந்தால் அந்த ஆட்டம் பத்து மடங்காகி, மூக்கு தட்டில் மோதும். என் கணவர் அவளுக்கு வைத்த பெயர் குடிகாரி. வலி கிடையாது, நோய் முற்றுவதும் கிடையாது. பிறந்தபோது எப்படியோ சாகும்வரை அப்படியே. தரையில் கோணிச் சாக்கை விரித்தால் நகம் பிடித்து நடப்பாள், கனமான கல்சட்டியில் சோறு வைத்தால் கவிழ்க்க மாட்டாள், ஜன்னலுக்கு வலை போட வேண்டும். அவ்வளவுதான் அவளுடைய ஊனம். பார்க்க வந்தவர்களெல்லாம் கண்ணீர் விட்டார்கள். அவள் பல்லியைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

எனவே மாமியாரிடம், பாடுபடுவது முத்துவா, பார்ப்பவர்களா என்று மருத்துவரைக் கேட்டுச் சொல்லுங்கள். சாப்பிடுகிறானா, வலியை மருந்தால் அடக்க முடிகிறதா, புண் ஆறுகிறதா என்பவற்றை வைத்து அவர் சொல்வார். வெறுமனே கால் வரவில்லை என்பது ஊசி போடக் காரணமாகாது.

ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்க வேண்டும். நீங்கள் காலையில் வங்கிக்குப் போய்விடுகிறீர்கள், மகள் பள்ளிக்கு. மதியம் முத்துவை அமுக்குவது யார்? மாமியார்தானே? அப்படியானால் "பார்க்கச் சகிக்கவில்லை" என்ற சொல்லில் பாதி அவருடைய முதுகுவலி. ஐந்து மாதம் குனிந்து நிமிர்ந்த அந்த அம்மாவுக்கு வாரத்தில் இரண்டு மதியமாவது மாற்றாள் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். அமைப்பினரிடம் கேட்டிருக்கலாம், வாய்விட்டுக் கேட்காத வீட்டை அவர்கள் நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வாயில்லா ஜீவன் என்று நாயைச் சொல்கிறோம். என் வீட்டில் விடியற்காலை நாலரைக்கு எழுப்பிவிடும் அந்த வாய்க்கு என்ன குறை? வாயில்லாமல் இருப்பது பெரும்பாலும் பார்த்துக்கொள்கிறவர்கள்தான்.

உறவினர்களின் கேள்விக்குப் பதில் சொல்வதை நான் நிறுத்திப் பல வருடமாகிறது. கேட்டவர்கள் மோர் குடித்துவிட்டுப் போகட்டும்.

இனி மகள். அவள் சொல்வதில் பாதி உண்மை. முத்துவுக்கு நல்ல கால்கள் இருந்திருந்தால் யாரும் அவனை உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, அடையாளத்துக்குக் காதில் சிறு வெட்டு வைத்து, பிடித்த தெருவிலேயே திருப்பி விட்டிருப்பார்கள். சென்னையில் ப்ளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு 1964இலேயே தொடங்கிய வழி அது, 2001இல் நாடு முழுதுக்குமான விதியாயிற்று. 2023இன் புதிய விதிகளும் அதையே சொல்கின்றன. தெருநாய்க்குத் தெரு தண்டனை அல்ல, அதன் ஊர். ஊர் திரும்ப முடியாதவை காப்பகக் கூண்டுகளில் தேங்குகின்றன: கால் இழந்தவை, கண் இழந்தவை, துடிப்பு நிற்காதவை. முத்து இப்போது இருக்கும் மூலை, உங்கள் வீட்டில் அப்படி ஒன்றுக்கு இருக்கும் ஒரே மூலை. அவன் போனால் அது காலியாகும். இதை மகளிடம் இன்றே சொல்லாதீர்கள், அழுகிற பிள்ளையிடம் கணக்கு எடுபடாது.

அவளுக்கு மணிமேகலையில் வரும் ஆபுத்திரன் கதை சொல்லுங்கள். பிறந்த அன்றே தோட்டத்தில் போட்டுவிட்டுப் போன குழந்தையை, ஒரு பசு வந்து நாவால் நக்கி, பால் கொடுத்து, ஏழு நாள் அகலாமல் நின்று காத்தது. பிறகு அந்த வழியே வந்த தம்பதியர் எடுத்துப் போய் மகனாக வளர்த்தார்கள். அமுதசுரபி கிடைத்ததெல்லாம் அப்புறம். எட்டாம் நாள் அந்தப் பசு என்ன செய்தது என்று கதையில் இல்லை. எனக்கு வெகுநாளாக அது குறையாகவே இருந்தது. செவலை காஞ்சிபுரம் போன அன்று மத்தியானம் வீட்டில் உட்கார்ந்திருந்தபோது தோன்றியது, மேயப் போயிருக்கும். ஏழு நாள் மேய்ச்சல் பாக்கி இருந்திருக்குமே.

வைத்துக்கொள்வதும் குற்றமல்ல. 37இல் மூன்று என்னிடமே தங்கிவிட்டன, குடிகாரி உட்பட. யாரும் கேட்டு வரவில்லை, அல்லது கேட்டு வந்தவர்களை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் வீட்டில் பகலில் ஆளில்லை, இருக்கும் ஆளுக்கு முடியவில்லை, தேடி வந்து கேட்கிற குடும்பம் ஒன்று இருக்கிறது. கொடுங்கள். அவர்கள் வீட்டில் மதியம் யார் இருப்பார்கள், மாடியா தரைத்தளமா, பக்கத்தில் கால்நடை மருத்துவர் உண்டா என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். முடியாமல் போனால் வேறு யாரிடமும் தள்ளாமல் உங்களிடமோ அமைப்பிடமோதான் திருப்ப வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். வந்து இரண்டு நாள் திருச்சியில் தங்கி அவர்கள் கையால் அமுக்கிப் பழகட்டும், கற்றுக்கொடுப்பது மாமியாராக இருக்கட்டும். நோட்டின் முதல் பக்கத்தை மகள் எழுதட்டும். அவனுக்கு எந்தப் பாட்டுப் பிடிக்கும் என்பது போன்ற, உங்களுக்குத் தெரியாத சங்கதிகள் அவளிடம் இருக்கும். அவன் படுத்த புடவை ஒன்றைத் துவைக்காமல் கொடுத்தனுப்புங்கள்.

காரில் போவதாக இருந்தால், புறப்படும் முன் அமுக்குங்கள். ஆறேழு மணி நேரம் அவன் தாங்க மாட்டான். தர்மபுரிப் பக்கம் ஒருமுறை நிறுத்தச் சொல்லுங்கள்.