கல்விப் பணிகளை வரைபடமாக்கலாமா?

கேள்வி: சேலத்தில் ஒரு கல்லூரியில் தாவரவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். ஆய்விதழ்களுக்குக் கட்டுரை மதிப்பீடு, பாடத்திட்டக் குழு உறுப்பினர், நாட்டு நலப்பணித் திட்ட அலுவலர், ஏற்காட்டுக்கு மாணவர்களுடன் களப்பயணம் எனப் பல ஆண்டுப் பணிகள் என் தன்விவரக் குறிப்பில் மூன்று பக்கப் பட்டியலாக உள்ளன. நேர்காணலில் யாரும் அதைப் படிப்பதில்லை. வரைபடமாகக் காட்டலாமா?
– வாசகி, அஸ்தம்பட்டி

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் வரைவதற்கு முன் உங்கள் பணிகளை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். குழு உறுப்பினர் பொறுப்பும் திட்ட அலுவலர் பொறுப்பும் ஓர் ஆண்டில் தொடங்கி இன்னோர் ஆண்டில் முடிபவை. கட்டுரை மதிப்பீடோ எண்ணிக்கையால் அளக்கப்படுவது. இரண்டையும் கூட்டி, "மொத்தம் இத்தனை பணிகள்" என்று ஒரே பட்டையில் நிறுத்துவது பொருளற்றது. மூன்றாண்டுப் பொறுப்பும் ஒரு வார மதிப்பீடும் அங்கே சமமாகிவிடும்.

காலம் சார்ந்த பணிகளுக்குக் காலக்கோட்டுப் படமே ஏற்றது. வேதியியலாளர் ஜோசப் பிரீஸ்ட்லி 1765-இல் வரலாற்று மனிதர்களின் வாழ்நாள்களை ஆண்டு அளவுகோலின் மேல் கிடைக்கோடுகளாக வரைந்து வெளியிட்டார். அதே முறையில், ஒவ்வொரு பொறுப்புக்கும் ஒரு கோடு வரைந்தால், எந்தெந்தப் பணிகளை ஒரே காலத்தில் சுமந்தீர்கள், எது இன்னும் தொடர்கிறது என்பதெல்லாம் ஒரே பார்வையில் புலப்படும். பட்டியலால் இதைக் காட்ட முடியாது என்பதால்தான் உங்கள் எண்ணத்தை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன்.

இதற்குத் தனி மென்பொருள் தேவையில்லை. எக்செலிலோ, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபிஸிலோ பணியின் பெயர், தொடங்கிய ஆண்டு, நீடித்த ஆண்டுகள் என மூன்று பத்திகளை நிரப்பி, அடுக்குப் பட்டை வரைபடத்தைக் கிடைவாட்டில் தேர்ந்தெடுங்கள். தொடக்க ஆண்டைக் குறிக்கும் பகுதியின் நிறத்தை நீக்கிவிட்டு, அச்சின் தொடக்க எண்ணை நீங்கள் பணியில் சேர்ந்த ஆண்டாக மாற்றினால், மீதிப் பட்டைகள் உரிய ஆண்டுகளின் மேல் வந்து நிற்கும். கட்டுரை மதிப்பீடுகளுக்கு அதன் கீழேயே, அதே ஆண்டு அளவுகோலில், ஆண்டுக்கு ஒரு செங்குத்துப் பட்டை போதும்.

வட்ட விளக்கப்படத்தைத் தவிர்த்துவிடுங்கள். ஒரே அளவுகோலின் மேல் உள்ள இடங்களை ஒப்பிடுவதைவிடக் கோணங்களை ஒப்பிடுவதில் மனிதர்கள் அதிகம் பிழை செய்கிறார்கள் என்று புள்ளியியலாளர்கள் கிளீவ்லாண்டும் மெக்கிலும் 1984-இல் சோதனைகள் வழியே காட்டினர். நிறங்களையும் இரண்டு மூன்றுக்குள் அடக்குங்கள். தேர்வுக் குழுவினர் கைக்குப் போவது பெரும்பாலும் கறுப்பு வெள்ளை நகல்தான்.

களப்பயணம் பற்றி என் கருத்து வேறு. பாடத்திட்டத்தின் பகுதியாக ஏற்காட்டுத் தாவரவியல் தோட்டத்துக்கு அழைத்துச் சென்றது கற்பித்தல் கணக்கில் சேர வேண்டியது. பணிப் படத்தில் அதைச் சேர்த்தால் மற்றவற்றின் மதிப்பும் குறையும். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக நீங்களே முன்வந்து நடத்திய பயணங்கள் இருந்தால் அவை இடம்பெறலாம்.

படம் அரைப் பக்கத்தைத் தாண்ட வேண்டாம். பட்டியலைச் சுருக்கிப் பின்னிணைப்பாக வையுங்கள். சான்று கேட்பவர்கள் அதைத்தான் தேடுவார்கள்.

கேள்வி: நான் மதிப்பிட்ட கட்டுரைகளின் தலைப்புகளையும் படத்தில் குறிப்பிடலாமா?
– வாசகர், ஏற்காடு

பதில்: கூடாது. மதிப்பீடு என்பது இதழ் நம்மை நம்பி ஒப்படைக்கும் இரகசியப் பணி. இதழின் பெயரும் ஆண்டுவாரி எண்ணிக்கையும் போதும்; ஆண்டுக்கு ஒரே கட்டுரை மதிப்பிட்ட இதழாக இருந்தால், கட்டுரையாசிரியர்கள் ஊகித்துவிடாதபடி பல இதழ்களைச் சேர்த்து ஒரே எண்ணாகத் தாருங்கள். ஆய்வாளர்களுக்கு வழங்கப்படும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) அடையாள எண் உங்களுக்கு இருந்தால் அதைப் படத்தின் அடியில் அச்சிடுங்கள். அந்த எண்ணுக்குரிய இணையப் பக்கத்தில் மதிப்பீட்டுப் பதிவுகளை நாமாகச் சேர்க்க இயலாது, இதழ்த் தரப்பு நிறுவனங்களே சேர்க்கும் என்பதால், உங்கள் எண்ணிக்கையைச் சரிபார்க்க விரும்புவோர்க்கு அது உதவும்.