குட்டி யானையில் ஜூஸ் கடை: இன்வெர்ட்டரைக் கடைசியில் வாங்குங்கள்

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "டாடா ஏஸ் வண்டியில் மாலை 5 மணி முதல் 10 மணி வரை ஜூஸ் கடை போடுகிறேன். இதுவரை பக்கத்துக் கடையிலிருந்து மின்சாரம் எடுத்து வந்தேன். இனிமேல் தர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். 750 வாட் மிக்சி ஒன்று, விளக்கு இரண்டு, எடைத்தராசு, போன் சார்ஜர், இவ்வளவுதான் தேவை. 1500 வாட் இன்வெர்ட்டர் 4,000 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வண்டியின் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் போதும் என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா? வீட்டில் கரண்ட் போனால் அதையே பயன்படுத்த முடியுமா?"

அதை வாங்காதீர்கள். உங்கள் தேவை நியாயமானது, வண்டியில் அமைத்துக்கொள்ளக் கூடியதும்தான். ஆனால் கடைக்காரர் காட்டும் வழியில் போனால் முதல் வாரத்திலேயே ஃபியூஸ் எரியும். அதையும் மீறி ஓட்டப் பார்த்தால் வண்டியின் வயரிங் எரியும்.

கணக்கை முதலில் பார்த்துவிடுவோம். உங்கள் வண்டியின் மின்னமைப்பு 12 வோல்ட். லைட்டர் சாக்கெட்டுக்கு வரும் வயர் மெல்லியது; அதற்கான ஃபியூஸ் பெரும்பாலான வண்டிகளில் 10 முதல் 20 ஆம்பியர் வரைதான். 12 வோல்ட்டை 10 ஆம்பியரால் பெருக்கினால் 120 வாட். லேப்டாப், கேமரா சார்ஜர் போன்றவற்றுக்கு அது போதும். 750 வாட் மிக்சி ஓட, இன்வெர்ட்டருக்குள் வீணாகும் 10, 12 சதவீதத்தையும் சேர்த்தால், பேட்டரியிலிருந்து ஏறக்குறைய 70 ஆம்பியர் வர வேண்டும். சுவிட்சைப் போடும் அந்த நொடியில் மோட்டார் இதைப்போல இரண்டு, மூன்று மடங்கு இழுக்கும். ஐஸ் கட்டியோடு ஜாரை நிரப்பிவிட்டு ஓட்டினால் இன்னும் கூடுதல்.

ஃபியூஸ் போய்க்கொண்டே இருக்கிறதே என்று சிலர் 30 ஆம்பியர் ஃபியூஸ் மாட்டுகிறார்கள். சிலர் ஒரு செம்புக் கம்பியைச் சுற்றி வைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் எந்த நாளும் செய்யாதீர்கள். வயர் உருகும் முன் தான் உருகி அதைக் காப்பாற்றுவதற்காகவே ஃபியூஸ் இருக்கிறது. அதை முடக்கிவிட்டால் டாஷ்போர்டுக்குப் பின்னால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் வயரின் உறை இளகி, பக்கத்து வயரோடு ஒட்டி, புகை வந்த பிறகுதான் உங்களுக்குத் தெரியும். அந்த வண்டிதான் உங்கள் பிழைப்பு.

"1500 வாட்" என்ற எழுத்தையும் நம்ப வேண்டாம். மலிவான இன்வெர்ட்டர் பெட்டிகளில் அச்சிடுவது பெரும்பாலும் ஓரிரு நொடிகள் மட்டும் தாங்கும் உச்ச அளவு. மணிக்கணக்கில் தரக்கூடிய தொடர் திறன் அதில் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ இருக்கும். கடையிலேயே சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. பெட்டியின் பின்பக்கத்திலோ உள்ளேயோ பேட்டரிப் பக்கத்து ஃபியூஸ்கள் இருக்கும். அவற்றின் ஆம்பியரைக் கூட்டி 12 ஆல் பெருக்குங்கள். 25 ஆம்பியர் ஃபியூஸ் இரண்டுதான் இருக்கிறது என்றால் 600 வாட்டுக்கு மேல் அது தரவே முடியாது, மேலே என்ன எழுதியிருந்தாலும். கூடவே வரும் கேபிளின் தடிமனைப் பாருங்கள். உண்மையான 1500 வாட்டுக்கு 140 ஆம்பியர் ஓட வேண்டும். சுண்டுவிரலில் பாதிகூட இல்லாத கேபிளில் அது ஓடாது.

இப்போது பேட்டரிக்கு வருவோம். இந்த அமைப்பின் ஆயுள் அதில்தான் இருக்கிறது.

வண்டியில் இருக்கும் பேட்டரி ஸ்டார்ட் செய்வதற்கென்று தயாரிக்கப்பட்டது. சில நொடிகளுக்குப் பெரிய கரண்ட்டைத் தந்துவிட்டு, உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் கருவி) திரும்பப் பெற்றுக்கொள்ளும் வகையில் அதன் தகடுகள் மெல்லியதாக இருக்கும். அதைத் தினமும் ஐந்து மணி நேரம் வடிய வடிய ஓட்டினால் தகட்டிலுள்ள பொருள் உதிர ஆரம்பிக்கும். சில மாதங்களில் பேட்டரி செத்துவிடும். அதைவிட உடனடித் தொல்லை ஒன்று இருக்கிறது. பெரும்பாலான இன்வெர்ட்டர்கள் பேட்டரி 10.5 வோல்ட்டுக்கு இறங்கிய பிறகுதான் தானாக நிற்கும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும், 12.2 என்றாலே பாதி காலி. 10.5 வரை போய்விட்ட பேட்டரியை வைத்து டீசல் இன்ஜினை ஸ்டார்ட் செய்ய முடியாது. இரவு 10 மணிக்குக் கடையை மூடிவிட்டு வண்டியைத் தள்ள ஆள் தேடுவீர்கள்.

இன்ஜினை ஓடவிட்டபடியே வியாபாரம் செய்தால் என்ன என்று தோன்றலாம். ஐட்லிங்கில் ஆல்டர்னேட்டர் தன் முழு அளவைத் தராது. சிறிய வண்டிகளில் மிக்சி கேட்கும் 70 ஆம்பியருக்கு அது ஈடுகொடுக்காது, மீதியைப் பேட்டரிதான் தரும். வாடிக்கையாளர் பக்கத்தில் நின்று புகையைச் சுவாசிப்பார், டீசலும் வீண். எனக்கு இந்த வழியில் உடன்பாடே இல்லை.

ஆகவே வண்டிப் பேட்டரியைத் தொடாமல், கடைக்கென்று தனியாக இரண்டாவது பேட்டரி வையுங்கள். எவ்வளவு பெரியது? நாளொன்றுக்கு 60 டம்ளர், ஒவ்வொன்றுக்கும் மிக்சி 40 விநாடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 40 நிமிடம். வாட்டை மணி நேரத்தால் பெருக்கினால் வருவது வாட்-மணி; 750 வாட்டில் அது 500 வாட்-மணி. இன்வெர்ட்டர் இழப்போடு 570. விளக்குகள் இரண்டும் 15 வாட் வீதம் ஐந்து மணி நேரத்துக்கு 150. தராசுக்கும் போனுக்கும் 30. எல்லோரும் மறந்துவிடும் ஒன்று, சும்மா ஆன் செய்து வைத்திருக்கும்போதே இன்வெர்ட்டர் குடிக்கும் மின்சாரம். இந்த அளவுப் பெட்டியில் அது 15 வாட் என்றாலும் ஐந்து மணி நேரத்தில் 75 ஆகிவிடும். எல்லாம் சேர்த்து 825 வாட்-மணி. உங்கள் விற்பனை வேறாக இருந்தால் இதே வழியில் உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள்.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் டியூபுலர் பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விடாமல் பயன்படுத்தினால்தான் நீண்ட நாள் உழைக்கும். 150 ஆம்பியர்-மணி டியூபுலர் என்றால், 12 வோல்ட்டால் பெருக்க மொத்தம் 1800 வாட்-மணி, அதில் பாதி 900. உங்களுக்குச் சரியாக இருக்கும். ஆனால் எடை 50 கிலோவைத் தாண்டும், அமிலம் தளும்பும், சார்ஜ் ஆகும்போது எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளியேறும். ஆகவே காற்றோட்டமான இடத்தில், நிமிர்ந்த நிலையில், அசையாதபடி இரும்புப் பட்டை போட்டுக் கட்டியிருக்க வேண்டும். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி 100 ஆம்பியர்-மணி போதும்: 12.8 வோல்ட்டில் 1280 வாட்-மணி, அதில் 80 சதவீதத்தைத் தாராளமாக எடுக்கலாம். எடை 12 கிலோ அளவில்தான் இருக்கும். விலை அதிகம்தான், இருந்தாலும் தினமும் ஏற்றி இறக்கும் வியாபாரத்துக்கு என் ஓட்டு இதற்கே. வாங்கும்போது அதற்குள் இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைப் பாதுகாக்கும் மின்னணுச் சுற்று) தொடர்ந்து 100 ஆம்பியர் தருமா, மிக்சி ஸ்டார்ட் ஆகும் நொடியைத் தாங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குறைந்த திறன் உள்ளதாக இருந்தால் சுவிட்சைப் போட்டவுடன் பேட்டரி தன்னைத் தானே துண்டித்துக்கொள்ளும்.

இரவில் வீட்டுக்குப் போனதும் பேட்டரியை அதற்குரிய சார்ஜரில் போட்டுவிடுவதே மிக எளிய வழி. டியூபுலருக்கான சார்ஜரை லித்தியத்துக்குப் போடாதீர்கள். வண்டிக் கூரையில் 200 வாட் சோலார் தகடு ஒன்றைப் பொருத்தினால், நல்ல வெயில் நாளில் 700 வாட்-மணி வரை கிடைக்கும். பகல் முழுக்க வண்டி வெயிலில் நின்றால் மட்டுமே இந்தக் கணக்கு. ஓடும்போது ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் செய்ய விரும்பினால், இரண்டு பேட்டரிகளையும் நேரடியாக இணைக்காமல் இடையில் டிசி-டிசி சார்ஜர் (ஒரு பேட்டரிப் பக்கத்திலிருந்து இன்னொரு பேட்டரியை அளவோடு சார்ஜ் செய்யும் கருவி) வைக்க வேண்டும். வண்டி வாரண்டியில் இருந்தால் அதன் வயரிங்கில் கை வைக்கும் முன் சர்வீஸ் சென்டரில் கேட்டுவிடுங்கள்.

அடுத்தது கேபிள். வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு 2 மீட்டர் தூரம். போக, வர 4 மீட்டர். வீட்டு வயரிங்குக்குப் போடும் 4 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்தால், 100 ஆம்பியர் ஓடும்போது வழியிலேயே 1.7 வோல்ட் காணாமல் போகும். 170 வாட் வெப்பமாக மாறும். ஒரு சால்டரிங் அயர்னைவிடப் பல மடங்கு சூடு, பிளாஸ்டிக் உறைக்குள். இன்வெர்ட்டரும் பேட்டரி காலி என்று நினைத்துக் கூவும். அதே தூரத்துக்கு 35 சதுர மில்லிமீட்டர் செம்பு கேபிள் போட்டால் இழப்பு 0.2 வோல்ட்தான். நெகிழ்வான செம்பு வெல்டிங் கேபிள் இதற்கு நன்றாகப் பொருந்தும். அலுமினியத்தைச் செம்புப் பூச்சில் விற்கிறார்கள், நுனியைச் சுரண்டிப் பார்த்து வாங்குங்கள். முடிந்தால் இன்வெர்ட்டரைப் பேட்டரிக்கு ஒரு மீட்டருக்குள் வைத்துவிடுங்கள். 12 வோல்ட் பக்கத்தைச் சுருக்கி, மிக்சிக்குப் போகும் 230 வோல்ட் வயரை நீட்டிக்கொள்வதுதான் நல்லது.

கேபிள் நுனியில் முறுக்கிக் கட்டுவது கூடாது. செம்பு லக் (துளையுள்ள முனைத்துண்டு) வைத்து, கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்து, நட்டை இறுக்க வேண்டும். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 150 ஆம்பியர் ஃபியூஸ் இருக்க வேண்டும். லித்தியத்துக்கு அதன் தயாரிப்பாளர் சொல்லும் வகை. சிலர் வீட்டு எம்சிபி-யை (கரண்ட் அதிகமானால் தானாக விழும் சுவிட்ச்) இந்த இடத்தில் போட்டுவிடுகிறார்கள். பேட்டரியிலிருந்து வரும் நேர்மின்னோட்டத்தில் (டிசி) தீப்பொறி எளிதில் அணையாது. வீட்டு மின்சாரமான மாறுமின்னோட்டத்துக்கென்று (ஏசி) செய்த எம்சிபி அங்கே எரிந்து ஒட்டிக்கொள்ளும்.

எல்லாம் மாட்டிய பிறகு ஒரு சோதனை. மிக்சியை ஜூஸ் போட்டு ஓடவிட்டு, மல்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் பிறகு இன்வெர்ட்டர் முனையிலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் கால் வோல்ட்டுக்குள் இருந்தால் வேலை சுத்தம். அரை வோல்ட்டைத் தாண்டினால் எங்கோ ஒரு இணைப்பு தளர்வாக இருக்கிறது. ஓட்டத்தை நிறுத்திவிட்டு ஒவ்வொரு லக்காகத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருப்பதுதான் குற்றவாளி.

இவ்வளவும் முடிவான பின் இன்வெர்ட்டர். தொடர் திறன் 1000 முதல் 1200 வாட், உச்சம் 2000 வாட்டுக்குக் குறையாமல், ப்யூர் சைன் வேவ் (வீட்டு மின்சாரம் போலச் சீரான அலை) தருவது. மிக்சியில் இருப்பது கார்பன் பிரஷ் மோட்டார் என்பதால் மலிவான பெட்டிகள் தரும் ஸ்கொயர் வேவிலும் (சீரற்ற, கட்டம் கட்டமான அலை) ஓடும். ஆனால் இரைச்சலும் சூடும் கூடும், தராசின் அடாப்டரும் பாதிக்கப்படலாம். வீட்டு மிக்சிகள் பலவற்றின் அடியில் 30 நிமிட ரேட்டிங் என்று அச்சிட்டிருக்கும். கூட்டம் அதிகமான நாளில் அது ஏற்கெனவே எல்லையில்தான் ஓடுகிறது. அதில் இந்தச் சூடும் சேர வேண்டாம். விளக்குகளை இன்வெர்ட்டரில் மாட்டாதீர்கள். 12 வோல்ட் எல்இடி விளக்குகளையும் கார் போன் சார்ஜரையும் தனி சிறு ஃபியூஸோடு பேட்டரியிலிருந்தே கொடுத்தால், ஜூஸ் கேட்காத நேரத்தில் இன்வெர்ட்டரை அணைத்து வைக்கலாம். மின் கெட்டில், இண்டக்‌ஷன் அடுப்பு பற்றி யோசிக்கவே வேண்டாம். சூடாக்க கேஸ் இருக்கிறது.

பெட்டியைச் சுற்றி நாலு பக்கமும் காற்றுக்கு இடம் விடுங்கள். சித்திரை வெயிலில் மூடிய கேபினுக்குள் அது தன் முழுத் திறனைத் தராது. ஐஸ் தண்ணீரும் பழச்சாறும் சிந்தும் மேடைக்குக் கீழே வைக்காதீர்கள். பேட்டரியிலிருந்து வருவதுதானே என்ற அலட்சியம் வேண்டாம்: வெளியே வருவது 230 வோல்ட், வீட்டு மின்சாரம் போலவே உயிரைப் பறிக்கும். ஈரக் கையால் மிக்சி பிளக்கைத் தொடாதீர்கள். இன்வெர்ட்டரின் எர்த், நியூட்ரல் இணைப்பை அதன் கையேட்டில் சொல்லியிருப்பதுபோல் எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். சில பெட்டிகளில் நியூட்ரலை வண்டி உடலோடு இணைத்தால் பெட்டியே எரிந்துவிடும். இணைக்க அனுமதிக்கும் பெட்டியில் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்றும் போட்டுக்கொள்ளலாம்.

வீட்டுக்குப் பயன்படுமா என்ற கேள்விக்கு: பயன்படும். சாதாரண சீலிங் ஃபேன் 75 வாட், மின்சாரத்தை மிச்சப்படுத்தும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவு. 1280 வாட்-மணி பேட்டரியில் இரண்டு பிஎல்டிசி ஃபேனும் ஒரு விளக்கும் இரவு முழுக்க ஓடும். ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட்தான் என்றாலும் கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு இழுக்கும். 1000 வாட் பெட்டி சில ஃபிரிட்ஜைக் கிளப்பும், சிலதைக் கிளப்பாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது டெல்டா கிராமங்கள் பல வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. அப்படி ஒரு நேரத்தில் இந்தப் பேட்டரியும் கூரைச் சோலாரும் உங்கள் தெருவுக்கே போன் சார்ஜ் போட்டுத் தரும்.

ஆனால் மின்சாரத்தை எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வழியாக மட்டுமே எடுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் சுவர் சாக்கெட்டில் செருகி வீடு முழுக்கக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். மெயின் சுவிட்ச் அணைக்காமல் விட்டிருந்தால் அந்த மின்சாரம் வெளியே கம்பத்துக்குப் போகும். அங்கே கம்பியைச் சரிசெய்துகொண்டிருக்கும் வயர்மேன் லைனில் கரண்ட் இல்லை என்று நம்பித்தான் கை வைத்திருப்பார். லைன் உயிர்பெற்று வந்தால் உங்கள் இன்வெர்ட்டரும் அந்த நொடியே போய்விடும். வீட்டு வயரிங்கோடு இணைத்தே தீர வேண்டும் என்றால் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (ஒரு நேரத்தில் லைன் அல்லது இன்வெர்ட்டர் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) ஒன்றைப் பொருத்தச் சொல்லுங்கள்.