ஆய்வுக்கூட மேஜை: "நான் சாப்பிட்டது மருந்துதான்!"

(பதில் சொல்பவர், 31 வருடம் ரத்த, சிறுநீர் நச்சுப் பரிசோதனை செய்து ஓய்வுபெற்ற உயிர்வேதியியலாளர்.)

கேள்வி: எனக்கு வயது 26. ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாட்டுக்காக இரண்டு வருடமாக மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுகிறேன். மனச்சோர்வுக்குப் புப்ரோபியானும் உண்டு. வேலையில் சேரும் முன் எடுத்த சிறுநீர்ப் பரிசோதனையில் 'ஆம்ஃபெட்டமின் பாசிட்டிவ்' என்று, அதாவது போதைக்கும் பயன்படுத்தப்படும் ஊக்க மருந்து இருப்பதாக, வந்துவிட்டது. அந்த வாரம் சளிக்கும் மாத்திரை போட்டிருந்தேன். மெத்தில்ஃபெனிடேட் சாப்பிடுவதாக டாக்டரிடம் கடிதம் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

பதில்: தம்பி, அந்தக் கடிதத்தை மட்டும் கொண்டு போனால் காரியம் ஆகாது. மெத்தில்ஃபெனிடேட் பொதுவாக ஆம்ஃபெட்டமின் பட்டையில் (சிறுநீரில் நனைத்து முதல் கட்டமாகப் பார்க்கும் சோதனைக் கீற்று) பாசிட்டிவ் காட்டாது. உடலுக்குள் அது பெரும்பாலும் ரிட்டாலினிக் அமிலமாக மாறித்தான் சிறுநீரில் வெளியேறுகிறது. அதைத் தேடவே தனிப் பரிசோதனை இருக்கிறது. விவரம் தெரிந்த யாராவது கடிதத்தைப் பார்த்தால், "அப்படியென்றால் இந்தப் பாசிட்டிவ் எங்கிருந்து வந்தது?" என்றுதான் கேட்பார்கள்.

எனக்கு முதல் சந்தேகம் புப்ரோபியான்மேல். அடுத்தது சளி மாத்திரை, அதில் சூடோஎஃபெட்ரின் இருந்திருந்தால். பட்டையில் இருக்கும் எதிர்ப்புரதம் சாயலை வைத்து ஆளைப் பிடிக்கிற காவலாளி மாதிரி. ஆம்ஃபெட்டமின் ஜாடையில் வேறு மூலக்கூறு வந்தாலும் சில நேரம் பிடித்து நிறுத்திவிடும். ரத்த அழுத்தத்துக்கான லேபெட்டலால், உடல் எடை குறைக்கத் தரும் ஃபென்டர்மின், தூக்கத்துக்கும் மனச்சோர்வுக்கும் தரும் டிராசோடோன் எல்லாமே இப்படி மாட்டியிருக்கின்றன.

ஆகவே உறுதிப்படுத்தும் பரிசோதனையைக் கேளுங்கள். ஜிசி-எம்எஸ் அல்லது எல்சி-எம்எஸ் என்று சொன்னால் அவர்களுக்குப் புரியும். அந்தக் கருவி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து, உடைத்து, துண்டுகளின் நிறையைப் பார்க்கிறது. சாயல் அங்கே செல்லாது. அமெரிக்க அரசுப் பணிகளுக்கான பரிசோதனையில் முதல் கட்டத்துக்கு மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம், உறுதிப்படுத்த 250 என்று எல்லை வைத்திருக்கிறார்கள். அது மட்டுமில்லாமல், முடிவு வேலை கொடுப்பவருக்குப் போகும் முன் ஒரு மருத்துவர் சம்பந்தப்பட்டவரிடம் பேசி, மருந்துச் சீட்டைச் சரிபார்க்க வேண்டும். இந்த வழக்கம் எல்லா இடத்திலும் வர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

ஒன்றை மறக்காதீர்கள். அன்று கொடுத்த அதே சிறுநீர் மாதிரியைத்தான் மறுபடி பார்க்கச் சொல்ல வேண்டும். ஆம்ஃபெட்டமின் இரண்டு முதல் நான்கு நாளுக்குள் சிறுநீரிலிருந்து பெரும்பாலும் போய்விடும். இன்று புதிதாகக் கொடுத்து நெகட்டிவ் வந்தால், அது அன்றைக்குச் சாட்சி ஆகாது. பாசிட்டிவ் வந்த மாதிரியை உறைய வைத்துப் பாதுகாப்பது முறையான ஆய்வுக்கூடங்களின் வழக்கம். தாமதிக்காமல் எழுத்தில் கேளுங்கள். அதோடு, கடந்த இரண்டு வாரத்தில் சாப்பிட்டது அனைத்தையும் எழுதிக் கொடுங்கள், கடையில் நீங்களாக வாங்கிய சளி மாத்திரை உட்பட. பயந்துபோய் புப்ரோபியானை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பட்டை முடிவை மட்டும் பார்த்து ஒரு பையனின் அறிக்கையில் 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். திங்கட்கிழமை கருவியில் பார்த்தபோது ஆம்ஃபெட்டமினே இல்லை. அதற்குள் அவன் இடத்தில் வேறொருவரை எடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒருநாளும் 'உறுதிப்படுத்தப்படவில்லை' என்ற வார்த்தை இல்லாமல் நான் பட்டை முடிவை வெளியே அனுப்பியதில்லை.

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. பார்கின்சன் நோய்க்குச் செலிஜிலின் சாப்பிடுகிறார். ஜிசி-எம்எஸ் பரிசோதனையே அவர் சிறுநீரில் மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள் இருப்பதாகச் சொல்கிறது. கருவி தவறு செய்யுமா?

பதில்: கருவி பொய் சொல்லவில்லை, மெத்தாம்ஃபெட்டமின் உண்மையிலேயே இருக்கிறது. செலிஜிலின் உடலில் உடைந்து அதுவாகத்தான் மாறுகிறது. ஆனால் இந்த மூலக்கூறுக்கு வலக்கை, இடக்கை மாதிரி இரண்டு வடிவம். போதைக்கு விற்கப்படுவது பெரும்பாலும் வலக்கை. செலிஜிலினிலிருந்து வருவது இடக்கை மட்டும். சாதாரண ஜிசி-எம்எஸ் இரண்டையும் ஒன்றாகவே எண்ணும். 'கைரல்' பரிசோதனை வேண்டும் என்று கேளுங்கள், அது பிரித்துக் காட்டும்.

2002 குளிர்கால ஒலிம்பிக்கில் பிரிட்டன் பனிச்சறுக்கு வீரர் அலெய்ன் பேக்ஸ்டர் வெண்கலம் வென்று, அதை இழந்தார். அமெரிக்காவில் வாங்கிய மூக்கடைப்பு இன்ஹேலரில் இந்த இடக்கை வடிவம் இருந்தது. அவர் ஊரில் விற்ற அதே பெயர் இன்ஹேலரில் அது இல்லை. தெரியாமல்தான் பயன்படுத்தினார் என்று விளையாட்டுத் தீர்ப்பாயம் ஏற்றுக்கொண்டது, பதக்கம் மட்டும் திரும்பவில்லை. எனக்கு இன்றும் ஆறாத விஷயம் அது.

கேள்வி: 17 வயது மகனுக்குக் கவனக் குறைபாட்டுக்காக டாக்டர் லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின் தருகிறார். அவனுக்குத் தெரியாமல் பட்டை வாங்கிப் பார்த்தேன், பாசிட்டிவ். அளவுக்கு மேல் சாப்பிடுகிறானா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: அம்மா, அந்த மருந்து உடலில் ஆம்ஃபெட்டமினாக மாறித்தான் வேலை செய்கிறது. அவன் மருந்தைச் சரியாக எடுத்துக்கொண்டாலே பாசிட்டிவ்தான் வரும். நெகட்டிவ் வந்திருந்தால்தான் மாத்திரை எங்கே போகிறது என்று நான் கேட்டிருப்பேன். இன்னொன்று, பட்டையில் கோடு தெரிந்தால் நெகட்டிவ், தெரியாவிட்டால் பாசிட்டிவ். மங்கலான கோடும் கோடுதான். சரியாகப் பார்த்தீர்களா?

எத்தனை மாத்திரை சாப்பிட்டான் என்று சிறுநீரால் சொல்ல முடியாது. நிறையத் தண்ணீர் குடித்தால் செறிவு குறையும். சிறுநீர் அமிலமாக இருந்தால் மருந்து வேகமாக வெளியேறும், காரமாக இருந்தால் தங்கும். ஒரே அளவு மருந்துக்கு இரண்டு நாளில் இரண்டு எண் வரும். ஆய்வுக்கூடத்தால் வேறு ஒன்று சொல்ல முடியும். இந்த மருந்தில் வலக்கை ஆம்ஃபெட்டமின் மட்டுமே உண்டு. இடக்கையும் சேர்ந்து வந்தால் வேறு சரக்கும் கலந்திருக்கிறது. மெத்தாம்ஃபெட்டமின் தென்பட்டால், அது வெளியிலிருந்து வந்தது. மெத்தாம்ஃபெட்டமினை உடல் ஆம்ஃபெட்டமினாக மாற்றும், ஆம்ஃபெட்டமினை ஒருபோதும் மெத்தாம்ஃபெட்டமினாக மாற்றாது.

அளவு மீறுகிறானா என்று அறிய, மருந்து வாங்கிய தேதியையும் மீதி மாத்திரையையும் எண்ணிப் பாருங்கள். தூக்கம், பசி, எடை, நாடித்துடிப்பு எப்படி இருக்கிறது என்று குறித்துக்கொண்டு டாக்டரிடம் போங்கள். பரிசோதனை வேண்டுமா என்பதை அவர் சொல்லட்டும், மகனும் அந்த அறையில் உட்கார்ந்திருக்கட்டும். நீங்கள் ஒளிந்து பார்த்ததையும் அன்றைக்கே அவனிடம் சொல்லிவிடுங்கள்.