கமிஷன் இல்லை என்னும் பலகை: வாங்குவோர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுப் பணத்தை வாங்குவதையும் கொண்டுசெல்வதையும் பற்றியவை. ஆகவே மிக்ஸி, மெத்தை, பழைய கார் ஆகியவற்றைப் பற்றிக் கேட்டவர்கள் அடுத்த வாரம்வரை பொறுத்துக்கொள்ள வேண்டுகிறேன். கடிதங்கள் இடம் கருதிச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: மகளின் பேறுகாலத்துக்காக முதன்முறையாகச் சிங்கப்பூர் செல்கிறேன். 1,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) தேவைப்படும். சென்னை விமான நிலையத்திலேயே மாற்றிக்கொள்ளலாம் என்று மருமகன் சொல்கிறார். அப்படியே செய்யலாமா? (ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மட்டும் மருமகன் பேச்சைக் கேட்க வேண்டாம். விமான நிலையத்தில் நிற்பவருக்கு வேறு கடை தேடிப் போக நேரம் இல்லை என்பது கண்ணாடிக்கு அப்பால் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். விலையும் அதற்கேற்பவே இருக்கும். இதை நான் காசு கொடுத்துக் கற்றேன். கோலாலம்பூருக்குப் புறப்பட்ட ஒரு நள்ளிரவில், ஊரில் வாங்கச் சோம்பல்பட்டு, புறப்பாட்டுக் கூடத்துக் கவுண்டரில் 2,000 ரிங்கிட் வாங்கினேன். விமானம் மேலெழும்பிய பிறகு ரசீதைப் பிரித்துப் பார்த்தால், முந்தின நாள் புதுச்சேரியில் விசாரித்த விலையைக் காட்டிலும் ஒரு ரிங்கிட்டுக்கு இரண்டு ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறேன். நான்காயிரம் ரூபாய் போயிற்று. அந்த ரசீதை இன்னும் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்.

பயணத்துக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னதாகவே உங்கள் வங்கிக் கிளையிலும், ரிசர்வ் வங்கியின் உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடைகள் இரண்டிலும் விசாரியுங்கள். கடலூரில் எல்லா வங்கிக் கிளையும் வெள்ளித் தாளை இருப்பில் வைத்திருக்காது; வரவழைத்துத் தரச் சில நாட்கள் ஆகலாம். விசாரிக்கும்போது "இன்றைய விலை என்ன" என்று கேட்காமல், "1,500 வெள்ளியை என் கையில் தருவதற்கு வரி உட்பட மொத்தம் எத்தனை ரூபாய்" என்று கேட்டு, மூன்று இடங்களின் தொகையையும் எழுதிவைத்து ஒப்பிடுங்கள். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். பயணத்துக்கு 60 நாட்களுக்கு முன்பிருந்தே வாங்கலாம் என்பதால் கடைசி நாளுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் கேட்கத் தோன்றுகிறது: மகள் வீட்டில் தங்கி, மகள் சமையலறையில் மருந்துக் குழம்பு வைக்கப்போகும் உங்களுக்கு 1,500 வெள்ளி எதற்கு? முந்நூறு வெள்ளியைப் பத்தும் ஐம்பதுமாக வாங்கிச் சென்றாலே போதும் என்று நினைக்கிறேன்.

கேள்வி: புதுச்சேரியில் ஒரு கடையில் "கமிஷன் இல்லை" என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். கமிஷன் வாங்காமல் அவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? (முத்தியால்பேட்டை வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்காகப் பல ஆண்டுகள் காத்திருந்தேன்; கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்வதைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாணய மாற்றுக் கடைகள் அன்னதானக் கூடங்கள் அல்ல. அவர்களுடைய விலைப் பலகையில் "வாங்கும் விலை", "விற்கும் விலை" என்று இரண்டு வரிசைகள் இருக்கும். இவை கடைக்காரர் பக்கத்திலிருந்து எழுதப்பட்டவை. அதாவது நாம் யூரோ வாங்கப் போனால் நமக்குரியது "விற்கும் விலை". இது தெரியாமல் குறைந்த எண்ணைப் பார்த்து மகிழ்ந்து உள்ளே நுழைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு விலைகளுக்கும் இடையே உள்ள இடைவெளிதான் கடைக்காரரின் பிழைப்பு.

கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று சந்தையில் ஒரு யூரோ நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். "கமிஷன் இல்லை" என்னும் கடை உங்களுக்கு 103 ரூபாய்க்கு விற்று, உங்களிடமிருந்து 97 ரூபாய்க்கு வாங்குகிறது. ஆயிரம் யூரோவுக்கு நீங்கள் 3,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறீர்கள். மிஞ்சிய 200 யூரோவைத் திரும்பக் கொண்டுவந்து அதே கடையில் கொடுத்தால், வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் இடையில் 1,200 ரூபாய் கரைந்துவிடும். பக்கத்துக் கடை 101 ரூபாய்க்கு விற்று, "கமிஷன் 500 ரூபாய்" என்று ரசீதில் தெளிவாக எழுதுகிறது. அங்கே ஆகும் கூடுதல் செலவு 1,500 ரூபாய்தான், சரிபாதி. ஆனாலும் கமிஷன் என்ற சொல்லைக் கண்டதும் பாம்பை மிதித்தவரைப்போல் துள்ளி, நேர்மையாக எழுதிய கடையை விட்டு முதல் கடைக்கே போகிறோம். மறைத்து வாங்குபவனுக்குக் கும்பிடு, சொல்லி வாங்குபவனுக்கு வசவு என்னும் இந்தப் பழக்கம் நம்மிடம் இருக்கும்வரை அந்தப் பலகை இறங்காது.

டாலர், யூரோ, பவுண்டு, யென் ஆகிய நான்குக்கும் வேலைநாள்தோறும், ஒப்பிட்டுப் பார்க்க உதவும் குறிப்பு விலை வெளியிடப்படுகிறது. ரிசர்வ் வங்கியின் இணையதளத்திலேயே பார்க்கலாம். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். விலை பேசலாமா என்று பலர் தயங்குகிறார்கள், தாராளமாகப் பேசலாம். மீன் மார்க்கெட்டில் ஐந்து ரூபாய்க்காகக் கால்மணி நேரம் வாதாடும் நாம், கண்ணாடிக் கவுண்டர் முன் மட்டும் வாய் பொத்தி நிற்பது ஏன் என்று எனக்கு விளங்கவில்லை.

கடைசியாக, ஜிஎஸ்டி. அது 18 விழுக்காடு என்பது உண்மை. ஆனால் முழுத் தொகைக்கும் அன்று. ஒரு லட்சம் ரூபாய்வரை, தொகையின் ஒரு விழுக்காட்டை மட்டும் சேவையின் மதிப்பாகக் கொண்டு அதன்மீது 18 விழுக்காடு கணக்கிடுவார்கள். எனவே லட்ச ரூபாய்க்கு மாற்றினால் வரி 180 ரூபாய். அதற்குமேல் யாராவது "எல்லாம் வரி சார்" என்று சொன்னால் கணக்கை எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

கேள்வி: தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ரசீது இல்லாமல் டாலருக்கு ஒரு ரூபாய் குறைத்துத் தருவதாகச் சொல்கிறார். வாங்கலாமா? (பண்ருட்டி வாசகர்)

பதில்: கூடாது. அது சட்டவிரோதம்; அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தில் சம்பந்தப்பட்ட தொகையைப்போல் மூன்று மடங்குவரை அபராதம் விதிக்க இடமிருக்கிறது. தாள் கள்ளத்தாளாக இருந்தால் போய் நிற்பதற்கும் இடம் இருக்காது.

கேள்வி: பாலித் தீவுக்குச் செல்ல எட்டு நூறு டாலர் தாள்களை உரிமம் பெற்ற கடையில் வாங்கினோம். அங்கே மூன்று தாள்களை எந்த நாணய மாற்றுக் கடையும் ஏற்கவில்லை. ஒன்றில் சிறிய ரப்பர் முத்திரை, ஒன்றில் பேனாக் கோடு, ஒன்றில் ஓரக் கிழிசல். கடன் வாங்கித்தான் ஊர் திரும்பினோம். கேட்டால், "விற்றது விற்றதுதான்" என்கிறார்கள். (நெய்வேலித் தம்பதி)

பதில்: படித்தபோது மனம் கசந்தது. உங்கள்மேல் தவறில்லை, உரிமம் உள்ள கடையில், ரசீது பெற்று, முறையாக வாங்கியிருக்கிறீர்கள். பயணம் போகிறவருக்கு விற்கிறோம் என்று தெரிந்தே, கல்லாவில் தேங்கிக் கிடந்த கழிவுத் தாள்களை உங்கள் கட்டுக்குள் தள்ளிவிட்டிருக்கிறார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் ஓர் ஆறுதல்: அந்த மூன்று தாள்களும் செல்லாத தாள்கள் அல்ல. 1861 முதல் வெளியிட்ட எல்லா டாலர் தாள்களும் அமெரிக்காவில் இன்றும் செல்லும். கறைபட்ட, மடிந்த, பழைய வடிவத் தாள்களைத் தள்ளுவது பிற நாட்டு நாணய மாற்றுக் கடைகளின் வழக்கம். இந்தோனேசியாவில் அது சற்று அதிகம். ஆகவே வேறு கடையிலோ வங்கியிலோ அவற்றைத் திருப்பி விற்க முடியுமா என்று கேட்டுப்பாருங்கள். விலையைக் குறைத்தால் அந்தக் குறைவையும் நட்டக் கணக்கில் சேருங்கள்.

அடுத்து, ரசீதின் நகலையும் மூன்று தாள்களின் இருபுறப் படங்களையும் இணைத்து அந்தக் கடைக்கு ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்பி, மாற்றுத் தாளோ பணமோ கேளுங்கள். விற்றது வங்கியாக இருந்து, 30 நாட்களில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தி தரவில்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். தனியார் கடை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்துவிட்டு, கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லுங்கள். நீங்கள் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்தால் போதும். வழக்கறிஞர் இல்லாமலும் வாதிடலாம். முடிவு எதுவானாலும் எனக்கு எழுதுங்கள்.

மற்ற வாசகர்களுக்கு: கவுண்டரை விட்டு நகரும் முன் ஒவ்வொரு தாளையும் விளக்கு வெளிச்சத்தில் இருபுறமும் திருப்பிப் பாருங்கள். பின்னால் நிற்பவர் பெருமூச்சு விட்டால் விடட்டும்.

கேள்வி: குடும்பத்தில் நால்வர் ஐரோப்பா செல்கிறோம். மூன்று லட்சம் ரூபாயை ரொக்கமாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். யூரோ தர மறுத்துவிட்டார்கள். என் பணத்தை மாற்ற நான் யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்? (லாஸ்பேட்டை வாசகர்)

பதில்: யாரிடமும் வாங்க வேண்டாம், விதியைப் படித்துவிட்டுப் போனால் போதும். அந்நிய நாணயம் வாங்க ரூபாயை ரொக்கமாகக் கொடுப்பதற்கு 50,000 ரூபாய்தான் வரம்பு. அதற்குமேல் வங்கிக் கணக்கு வழியாகவே செலுத்த வேண்டும். இதைச் சென்ற கோடையிலும் எழுதினேன், அதற்கு முந்தின கோடையிலும் எழுதினேன். கடைக்காரர் சரியாகத்தான் நடந்திருக்கிறார். அவரிடம் குரலை உயர்த்தியதாகக் கடிதத்தின் இங்கே வெளியிடாத பகுதியில் நீங்களே எழுதியிருப்பதால், அடுத்த முறை போகும்போது ஒரு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டு வாருங்கள்.

தாளாகக் கொண்டுபோவதற்கும் வரம்பு உண்டு. பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு ஒருவர் 3,000 டாலர் மதிப்புவரைதான் நோட்டாக வாங்கலாம். மீதியை ஃபாரெக்ஸ் கார்டில் (அந்நியப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் அட்டையில்) ஏற்றிக்கொள்ள வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் 10,000 யூரோவோ அதற்குமேலோ ரொக்கம் கொண்டுபோனால் அங்கே சுங்கத்தில் அறிவிக்க வேண்டும். உண்மையில் அவ்வளவு தாள் தேவையே படாது. ஆளுக்கு இருநூறு யூரோ, அதுவும் ஐம்பதுக்கு மேற்படாத தாள்களாக இருக்கட்டும். 500 யூரோத் தாளை மட்டும் வாங்கிவிடாதீர்கள். 2019-க்குப் பிறகு அதை வெளியிடுவதில்லை. செல்லும் என்றாலும், பல கடைகளில் கையால் தொடமாட்டார்கள்.

கேள்வி: என் தாத்தா சொல்தா (பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்தவர்). அவருடைய தகரப் பெட்டியில் பிரெஞ்சு ஃபிராங்க் தாள்கள் ஒரு கட்டு கிடைத்தன. பாரீஸ் செல்லும் உறவினரிடம் கொடுத்து யூரோவாக மாற்றலாமா? (புதுச்சேரி வாசகி)

பதில்: முடியாது, அம்மா. ஃபிராங்க் தாள்களை மாற்றித் தருவதைப் பிரான்ஸ் வங்கி 2012 பிப்ரவரி 17-ஆம் நாளோடு நிறுத்திவிட்டது. ஆனால் கட்டை முழுவதும் பிரித்துப் பாருங்கள்: பிரெஞ்சு இந்தியாவுக்கென இந்தோசீன வங்கி அச்சிட்ட ரூபாய்த் தாள் ஏதாவது இடையில் இருந்தால், நாணயம் சேகரிப்பவர்கள் நல்ல விலை தருவார்கள். முதலில் வருபவரிடமே விற்றுவிடாதீர்கள்.

கேள்வி: பணத்தைப் பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துப் பூட்டி, விமானத்தில் ஏற்றிவிட்டால் பத்திரம்தானே? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

பதில்: பெட்டி உங்களை விட்டுப் போன பிறகு எத்தனை கைகள் மாறும் என்று யோசித்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கமாட்டீர்கள். பணமும் கார்டும் உடம்போடு இருக்க வேண்டும். அதிலும் இரண்டு இடத்தில்.

இடுப்பில் கட்டும் பணப்பை வாங்குபவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புதுச்சேரி காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் 150 ரூபாய்க்கு நான் ஒன்று வாங்கினேன். கறுப்பு ரெக்சின், பார்வைக்கு மிடுக்கு. இரண்டாம் நாளே ஜிப் பாதியில் நின்றது. வியர்வையில் உள்சாயம் கரைந்து, ஐம்பது ரிங்கிட் தாள்களின் ஓரமெல்லாம் கருநீலமாகிவிட்டது. ஓட்டல் அறையில் அவற்றை மின்விசிறிக்குக் கீழே பரப்பி, செருப்பைப் பாரமாக வைத்துக் காயவைத்தேன். பருத்தித் துணிப் பை வாங்குங்கள். உள்ளே ஒரு பிளாஸ்டிக் உறை போடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு ஏடிஎம் திரையில் "ரூபாயில் கணக்கிடவா" என்று கேட்கிறது. நம் ரூபாயிலேயே எடுப்பது நல்லதுதானே? (வில்லியனூர் வாசகர்)

பதில்: இல்லை. எப்போதும் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தொட்டால், மாற்று விலையை உங்கள் வங்கிக்குப் பதிலாக அந்த இயந்திரக்காரர் தன் லாபத்தையும் சேர்த்து நிர்ணயிப்பார். கடைகளில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரும், இதே பதில்தான்.

கேள்வி: நேபாளத்துக்கு டாலர் எங்கே வாங்குவது? (நெல்லிக்குப்பம் வாசகர்)

பதில்: வாங்க முடியாது. நேபாளம், பூடான் பயணங்களுக்கு அந்நியச் செலாவணி தரப்படுவதில்லை. நூறு ரூபாய்த் தாள்களாகக் கொண்டுபோங்கள்.

கேள்வி: பயணத்தில் 400 டாலரும் ஒரு பை நிறைய மலேசியச் சில்லறையும் மிஞ்சிவிட்டன. என்ன செய்வது? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: அடுத்த ஓராண்டுக்குள் மீண்டும் பயணம் உண்டு என்றால் டாலரை விற்க வேண்டாம்; 2,000 டாலர்வரை கையில் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அதற்கு மேற்பட்டதைத்தான் திரும்பிய 180 நாட்களுக்குள் ஒப்படைக்க வேண்டும். விற்பதானால் வாங்கிய ரசீதோடு போய், முன்பு சொன்ன "வாங்கும் விலை" வரிசையைப் பாருங்கள். சில்லறையை இங்கே எந்தக் கடையும் வாங்காது. என் வீட்டில் அது ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது. பேரப்பிள்ளைகள் கடை விளையாட்டுக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.