கண்ணாடியில் ஒட்டிய அட்டை – கடிதமும் பதிலும்

ஐயா,

என் கணவர் ஆகஸ்டில் மாரடைப்பில் போய்விட்டார். 43 வயது. பையன் மூன்றாம் வகுப்பு. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். போன வருஷக் கடைசி ராத்திரி ஆராதனையில் அவர் எடுத்த வாக்குத்தத்த அட்டையில் இந்த வருஷத்துக்கென்று அவருக்கு வந்த வேத வசனம், 'நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்.' பீரோக் கண்ணாடியில் அவரே டேப் போட்டு ஒட்டினார். இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் தலை சீவுகிறேன். சபையில் ஓர் அக்கா, தினமும் ஆண்டவருக்கு நன்றியாகப் பத்து ஸ்தோத்திரம் நோட்டில் எழுது, மனசு மாறும் என்றார். மூன்று நாள் எழுதினேன், அதற்குமேல் முடியவில்லை. தீபாவளிக்குப் பக்கத்து வீட்டிலிருந்து பலகாரம் வந்தபோது, எங்களுக்கு இந்த வருஷம் எந்தப் பண்டிகையும் இல்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். இப்போது பையன் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட வேண்டும் என்கிறான். வருஷா வருஷம் பக்கத்து வீட்டு ஏணியை வாங்கி அவர்தான் கட்டுவார். துக்க வீட்டில் கட்டலாமா? எனக்கு விசுவாசமே போய்விட்டதா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

விசுவாசம் போனவர் கண்ணுக்கு அந்த அட்டை பட்டிருக்காது. நீங்கள் நான்கு மாதமாகத் தலை சீவும்போதெல்லாம் அதனோடு வழக்காடிக்கொண்டிருக்கிறீர்கள். யாருமே இல்லாத இடத்தில் எப்படி வழக்காட முடியும்?

வாக்குத்தத்த அட்டையைப் பற்றி இந்த டிசம்பரில் எப்படியும் எழுதுவதாக இருந்தேன். 31-ம் தேதி நடுராத்திரி வரிசையில் போய்த் தட்டிலிருந்து ஆளுக்கொன்று எடுக்கிறோமே, அந்தத் தட்டில் என்னென்ன இருக்கிறது என்று யாராவது கொட்டிப் பார்த்ததுண்டா? சுகம், பெருக்கம், நீடித்த ஆயுசு, தலையாக்குவேன் வாலாக்கமாட்டேன். அச்சடிக்கிறவர் பொறுக்கும்போதே இருட்டான வசனங்களைக் கழித்துவிடுகிறார். 'கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?' என்று வேதாகமத்தில் 13-ம் சங்கீதம் கேட்கிறது. அந்த அட்டை யார் கையிலும் வந்து நான் கேள்விப்பட்டதில்லை. கிளி எடுத்துக் கொடுத்தால் ஜோசியம், போதகர் நீட்டினால் வாக்குத்தத்தமா?

சீட்டுப் போட்டு வசனம் எடுப்பது பழைய பழக்கம்தான், மறுக்கவில்லை. ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் என்ற ஊரில் மொரேவியர்கள் என்ற கிறிஸ்தவ சபையார் 1728-ல் நாளுக்கொரு வசனம் என்று தொடங்கினார்கள். 1731 முதல் அது புத்தகமாக அச்சாகி வருகிறது. ஆனால் அங்கே எடுத்த வசனம் சபை முழுவதற்கும் பொது. அன்றைக்கு எல்லோரும் ஒன்றையே தியானிப்பார்கள். உனக்கு இந்தப் பலன், உன் புருஷனுக்கு அந்தப் பலன் என்று பிரித்துக் கொடுக்கிற வேலை அதில் கிடையாது.

உங்கள் கணவருக்கு வந்த சங்கீதம் 118:17-க்கு வருவோம். ஆபத்திலிருந்து தப்பி வந்த ஒருவன் பாடும் பாட்டு அது. அடுத்த வசனத்தைப் படியுங்கள்: 'கர்த்தர் என்னைக் கடுமையாய்த் தண்டித்தும், என்னைச் சாவுக்கு ஒப்புக்கொடுக்கவில்லை.' நடந்து முடிந்ததைச் சொல்கிறான். அது அவன் கதை. அவனும் பிறகொரு நாள் செத்துத்தான் போனான். எரேமியா 29:11 இதைவிட மோசமாக வெட்டப்படும் வசனம். 'நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்' என்பது அட்டையில் இருக்கும். அதற்கு முந்தின வசனத்தில் எழுபது வருஷக் கணக்கு இருக்கிறது, அது இருக்காது. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. அங்கே அதை வாசிக்கக் கேட்ட பெரியவர்களில் எத்தனை பேர் எழுபது வருஷம் கழித்து ஊர் திரும்பியிருக்க முடியும்? அட்டை என்பது கத்தரிக்கோல் வேலை. உங்கள் கணவருக்கு ஆண்டவர் வாக்குக் கொடுத்து மீறவில்லை. ஒரு தட்டில் அவர் கை பட்டது, அவ்வளவுதான். விசுவாசக் குறைவால்தான் பலிக்கவில்லை என்று யாராவது வாயெடுத்தால், வயது பார்க்காமல் வாசலைக் காட்டுங்கள்.

'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார்' என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறவர்கள் பிள்ளைகளையும் சொத்தையும் இழந்த யோபுவின் புத்தகத்தை முதல் அதிகாரத்தோடு மூடிவிட்டவர்கள். மூன்றாம் அதிகாரத்தில் அவன் தான் பிறந்த நாளையே சபிக்கிறான். கடைசியில், 42-ம் அதிகாரத்தில், ஆண்டவர் கோபித்துக்கொள்வது யாரை? பக்தியாக விளக்கம் சொன்ன சிநேகிதர்களை. கத்தினவனைப் போல நீங்கள் நிதானமாய்ப் பேசவில்லை என்கிறார்.

அட்டையை இந்த 31-க்கு முன்னால் எடுத்துவிடுங்கள். வெடுக்கென்று இழுக்காதீர்கள். வருஷம் முழுக்க இருந்த டேப், அட்டையின் மேல்தாளை உரித்துக்கொண்டு வரும். கிழிந்தால் அதற்கும் ஓர் அர்த்தம் கற்பித்துக்கொண்டு அழுவீர்கள். ஹேர் டிரையர் சூட்டை டேப்பின் மேல் அரை நிமிஷம் காட்டினால் பசை இளகும். ஓரத்தில் நகத்தைக் கொடுத்து மெல்லத் தூக்குங்கள். பின்பக்கம் அவர் பெயரும் தேதியும் எழுதி, அவருடைய வேதாகமத்தில் 118-ம் சங்கீதப் பக்கத்தில் வையுங்கள். வெட்டி எடுத்த வசனம் தன் முழுப் பாட்டுக்குள் போய் இருக்கட்டும். 31-ம் தேதி ஆராதனைக்குப் போனால் பக்கவாசலை ஒட்டிய கடைசி பெஞ்ச். ஆண்டவர் செய்த நன்மைகளை ஒவ்வொருவராக எழுந்து சொல்லும் சாட்சி நேரம் தொடங்கினால் எழுந்து வெளியே வந்துவிடலாம். தட்டில் கை வைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பத்து ஸ்தோத்திர நோட்டு ஏன் நான்காம் நாள் நின்றது என்று எனக்குத் தெரியும். சாப்பாடு, வீடு, சுகம், பிள்ளை எல்லாம் மூன்று நாளில் தீர்ந்துவிடும். நான்காம் நாள் பொய் எழுத வேண்டியிருக்கும். உங்கள் கை பொய் எழுத மறுத்திருக்கிறது, நல்ல கை. குறளில் 'செய்ந்நன்றி அறிதல்' என்று ஓர் அதிகாரம். அங்கே நன்றி என்றால் ஒருவர் செய்த நல்லது. நமக்குள் ஏதும் பொங்கி வர வேண்டியதில்லை, அறிந்தால் போதும். ஆகவே வாரத்துக்கு மூன்றே வரி: தேதி, ஆள், செய்த காரியம். ஆஸ்பத்திரிக்கு யார் வண்டி ஓட்டியது, கல்லறைத் தோட்டத்தில் யார் உங்களுக்கு நாற்காலி போட்டது, இறப்புச் சான்றிதழுக்கு யார் அலைந்தது. ஆகஸ்டிலிருந்தே தொடங்குங்கள். அந்த மாதம் உங்களுக்குப் பாதி நினைவிருக்காது, பையனைக் கேளுங்கள்.

நோட்டைத் திருப்பிப் பின்பக்கத்திலிருந்து இன்னொன்று எழுதுங்கள். 13-ம் சங்கீதத்துக்கு ஆறே வசனம்: இரண்டில் முறையீடு, இரண்டில் வேண்டுதல், இரண்டில் நம்பிக்கை. அதே கணக்கில் ஆறு வரி. கடைசி இரண்டு வராவிட்டால் இடத்தைக் காலியாக விடுங்கள். 88-ம் சங்கீதம் துதியாக ஒரு சொல்கூட இல்லாமல்தான் முடிகிறது, அதையும் வேதாகமத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அந்தப் பலகாரத் தட்டைத் திருப்பியதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். எண்ணெய்ச் சட்டி ஏற்றாத வீட்டுக்கு மற்ற வீடுகள் கொடுத்துவிடுவதுதான் நம் ஊர் வழக்கம். கொண்டாட வா என்று அவர்கள் கூப்பிடவில்லை. உங்கள் வீட்டில் இந்த வருஷம் அடுப்பில் எண்ணெய் காயாது என்பதை நினைவில் வைத்திருந்து கொண்டுவந்தார்கள். நோட்டில் முதல் வரியாக வந்திருக்க வேண்டியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். அவர்கள் வேறு சாமி கும்பிடுகிறவர்கள் என்பது காரணமாக இருந்தால் இன்னும் மோசம்.

ஸ்டார். கட்டக்கூடாது என்பது ஊர் வழக்கம், வேதத்தில் எங்கும் இல்லை. பிள்ளை கேட்கிறான், கட்டுங்கள். காகித ஸ்டாருக்குள் ஐந்து வாட்ஸ் எல்.ஈ.டி. போதும், பழைய அறுபது வாட்ஸ் குண்டு பல்பு காகிதத்தைக் கருக்கிவிடும். ஒயரிலேயே தொங்கவிடாமல் தனிக் கயிறு கட்டுங்கள். ஒயரில் தொங்கினால் காற்றில் ஆடி ஆடி ஹோல்டருக்குள் ஒயர் அறுந்து, இரண்டாம் நாளே இருண்டு கிடக்கும். ஏணி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அதைக் கேட்கப் பையனை அனுப்பாதீர்கள், நீங்களே போங்கள்.