இணையக் குழுக்கள் வழியாக உண்மையான நட்பும் தொழில் தொடர்பும் கிடைக்குமா? எங்கே, எப்படித் தொடங்குவது?

ஐந்தாறு வாட்சப், டெலிகிராம் குழுக்களில் இரண்டு வருடமாக இருந்தும் ஒருவரோடுகூடப் பழக்கமாகவில்லை என்று கேள்வியில் எழுதியிருக்கிறீர்கள். குறை உங்களிடம் இல்லை. அரட்டைக் குழுவில் இன்று பேசியது நாளைக்கு நூறு செய்திக்கு மேலே போய்விடும். நீங்கள் யார், எதில் கெட்டிக்காரர், சொன்னதைச் செய்து முடிப்பவரா என்பது யார் மனதிலும் தங்காது. ஆகவே, நீங்கள் செய்த வேலையை இன்னொருவர் பார்த்தே தீர வேண்டிய இடமாகத் தேடுங்கள். பழக்கம் அங்கேதான் பிடிக்கும்.

தமிழில் அப்படி ஓர் இடம் கேட்டால் முதலில் விக்கிமூலத்தைச் சொல்வேன். தன்னார்வலர்கள் சேர்ந்து நடத்தும் இலவச இணைய நூலகம் அது. நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள் 2,000-க்கும் மேல் அங்கே மின்வருடலாக ஏற்றப்பட்டிருக்கின்றன. திரையில் ஒரு பக்கம் நூலின் படம், மறுபக்கம் கணினி படித்துக் கொடுத்த எழுத்து. படத்தைப் பார்த்து எழுத்தைத் திருத்த வேண்டும், அவ்வளவுதான். திருத்தாத பக்கம் சிவப்பு. ஒருவர் மெய்ப்புப் பார்த்தால் மஞ்சள். இரண்டாமவர் சரிபார்த்தால் பச்சை. மஞ்சள் ஆக்கியவருக்கே பச்சைப் பொத்தான் கிடைக்காது. இன்னொருவர் வந்தே ஆக வேண்டும். அந்த இன்னொருவர்தான் உங்கள் முதல் அறிமுகம்.

வேலை எளிது போலத் தெரியும், ஆனால் கண் வேண்டும். ‘ர’வும் துணைக்காலும் கணினிக்கு ஒன்றுபோலத் தெரியும், எ-ஏ, ஒ-ஓ மாறிக் கிடக்கும். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூலென்றால் கொம்பு வைத்த பழைய ‘னை’, ‘லை’ வடிவங்களைக் கணினி வேறு ஏதோ எழுத்தாகப் படித்து வைத்திருக்கும். இவற்றைப் பொறுமையாகப் பிடித்தவர் யார், ஓட்டமாக ஓட்டியவர் யார் என்பது பக்க வரலாற்றைத் திறந்தால் தெரிந்துவிடும். அதனால்தான் முதல் வாரமே நாற்பது பக்கத்தை மஞ்சளாக்குவது பெரிய தவறு. சரிபார்ப்பவர் நாற்பதையும் மறுபடி திருத்த வேண்டி வரும், அதன் பிறகு உங்கள் பெயரைப் பார்த்தாலே தயங்குவார். ஒரு நாளைக்கு மூன்று பக்கம், ஆனால் பிழையில்லாத மூன்று பக்கம். ஒரு மாதம் இப்படிப் போனால் போதும்.

தொடங்கும்போது, எல்லாரும் கைவிட்ட நூலை எடுக்காதீர்கள். ‘அண்மைய மாற்றங்கள்’ பக்கத்தைப் பார்த்து, இந்த வாரம் யாராவது உழைத்துக்கொண்டிருக்கும் நூலாக எடுங்கள். உங்கள் பயனர் பக்கத்தில் நான்கு வரி போதும்: எந்த ஊர், என்ன படிப்பு அல்லது தொழில், எதில் ஆர்வம், எந்த நேரத்தில் வருவீர்கள். அதுகூட இல்லாமல் பெயர் வெறும் சிவப்பு இணைப்பாக நின்றால், விருந்தாளி என்று நினைத்துவிடுவார்கள். ஒவ்வொரு சேமிப்பிலும் தொகுப்புச் சுருக்கம் எழுதுங்கள். ‘அடிக்குறிப்பு சேர்ப்பு’ என்ற இரண்டு சொல்லே போதும்.

பயனர் ஒவ்வொருவருக்கும் மற்றவர்கள் செய்தி எழுதும் பேச்சுப் பக்கம் ஒன்று உண்டு. அதே நூலில் உழைப்பவரின் பேச்சுப் பக்கத்தில் எழுதும் முதல் செய்தியில்தான் பெரும்பாலோர் தவறுகிறார்கள். ‘வணக்கம், நான் புதியவன், உதவி தேவை’ என்று எழுதினால், எதில் உதவி என்று அவர் கேட்டு, நீங்கள் பதில் சொல்வதற்குள் ஆர்வம் ஆறிவிடும். இப்படி எழுதிப் பாருங்கள்: ‘வணக்கம். 43-ஆம் பக்கத்து அடிக்குறிப்பை அச்சில் உள்ளபடி பக்கத்தின் அடியிலேயே விட்டிருக்கிறேன். நீங்கள் 31-இல் மேற்கோள் குறியீடு போட்டிருக்கிறீர்கள். நூல் முழுக்க எதை வைத்துக்கொள்ளலாம்?’ நீங்கள் அவர் வேலையைப் பார்த்திருக்கிறீர்கள் என்பது இதில் தெரிகிறது. ஒரே வரியில் பதில் சொல்லவும் முடிகிறது. கடைசியில் நான்கு அலைக்குறி (~~~~) இட்டால் உங்கள் பெயரும் நேரமும் தானாக விழும்.

விக்கிப்பீடியாவில் எழுதுவதானால் இரண்டு விஷயத்தில் கட்டாயம் கவனம் வேண்டும். செய்தித்தாளிலிருந்து வெட்டி ஒட்டினால் பதிப்புரிமை மீறல்; கட்டுரை நீக்கப்படும். சம்பளம் வாங்கும் நிறுவனத்தைப் பற்றி எழுதினால் அந்தத் தொடர்பை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். அது இந்தத் தளங்களை நடத்தும் விக்கிமீடியாவின் பயன்பாட்டு விதி. எழுதியதை யாராவது நீக்கிப் பழையபடி மீளமைத்தால் உடனே திருப்பிப் போடாதீர்கள். பேச்சுப் பக்கத்தில் காரணம் கேளுங்கள், ஒரு நாள் விடுங்கள். நீக்கியவரிடம் மரியாதையாகக் காரணம் கேட்டதிலேயே பழக்கமானவர்கள் அங்கே நிறையப் பேர். பொதுவான ஐயங்களுக்கு ‘ஆலமரத்தடி’ என்ற பொது உரையாடல் பக்கம் இருக்கிறது.

பக்கத்திலிருந்து மனிதருக்கு நகர்வது அவசரப்படக்கூடாத கட்டம். ‘இப்பயனருக்கு மின்னஞ்சல் அனுப்பு’ வசதியைப் பயன்படுத்தினால் உங்கள் மின்னஞ்சல் முகவரி அவருக்குத் தெரிந்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள்; இதற்கென்று தனி முகவரி வைத்துக்கொள்வது நல்லது. பெண்கள் பயனர் பெயரில் சொந்தப் பெயரையும் ஊரையும் சேர்க்க வேண்டிய அவசியமே இல்லை. நேரில் சந்திப்பது முதல்முறை பயிலரங்கு, கூடல் மாதிரி நாலு பேர் இருக்கும் இடத்தில் இருக்கட்டும். குழுவில் அறிமுகமானவர் வேலை தருகிறேன் என்று சொல்லி முன்பணம் கேட்டால் அது மோசடிதான், யோசிக்கவே வேண்டாம். பணம் போய்விட்டால் இந்தியாவில் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அன்றைக்கே அழையுங்கள். தாமதமானால் பணம் கைமாறிப் போய்விடும்.

தொழில் தொடர்பு இதே வழியில்தான் வரும். உங்கள் ‘பங்களிப்புகள்’ பக்கம் பொதுவில் இருக்கிறது. மெய்ப்புத் திருத்தம், மொழிபெயர்ப்பு வேலை கேட்கும்போது தன்விவரக் குறிப்பைவிட அது அதிகம் பேசும். நிரல் தெரிந்தவரென்றால் விக்கிமீடியாவின் பணிப்பட்டியல் தளமான ஃபேப்ரிகேட்டரில் புதியவர்களுக்கென்று குறித்து வைத்த சிறு பணிகள் உண்டு. கூகுள் சம்மர் ஆஃப் கோட், அவுட்ரீச்சி என்ற திறமூலப் பயிற்சித் திட்டங்கள் இரண்டிலும் விக்கிமீடியா பங்கெடுத்திருக்கிறது. இரண்டிலும் உதவித்தொகை உண்டு. விண்ணப்பிக்கும் வாரத்தில் வந்து நின்றால் இடம் கிடைப்பது கடினம். முன்கூட்டியே இரண்டு மூன்று சிறு பணிகளை முடித்து, வழிகாட்டி உங்கள் நிரலைப் பார்த்துக் கருத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

யாரிடமாவது பரிந்துரை கேட்பதென்றால், ஆறு மாதமாவது கூட வேலை செய்தவரிடம் மட்டும் கேளுங்கள். ‘எங்கேயாவது வேலை இருந்தால் சொல்லுங்கள்’ என்று சொல்லாதீர்கள், அவரால் எதுவும் செய்ய முடியாது. எந்த வேலை, எந்தத் தேதிக்குள், உங்களைப் பற்றி அவர் என்ன சொன்னால் உதவும் என்று எழுதி, நீங்கள் இருவரும் சேர்ந்து முடித்த மூன்று பக்கங்களின் இணைப்பையும் கீழே கொடுங்கள். முடியாது என்று சொல்லவும் அவருக்கு இடம் விடுங்கள். பதில் எதுவானாலும் அடுத்த வாரம் அவருடைய மஞ்சள் பக்கம் ஒன்றைப் பச்சையாக்க மறக்காதீர்கள்.